புது ஸ்போர்ட் டயரைப் பற்றி எப்போது தீர்ப்புச் சொல்லலாம்?

கேள்வி இதுதான்: கேடிஎம் 390 டியூக் பைக்கில் கம்பெனி டயர் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒரு ஜோடி ஸ்போர்ட் டயர் மாட்டி 600 கி.மீ. ஓட்டியாகிவிட்டது. வண்டி வளைவில் சாய்வதே தனிச் சுகமாக இருக்கிறது. ஆனால் அதே டயரை ஒருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் பாதி ஆயுளிலேயே பாழாகிவிட்டது என்கிறார். யாரை நம்புவது, நானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவர் டயரின் இளமையைப் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் அதன் முதுமையைப் பார்த்திருக்கிறார். 600 கி.மீ.யில் நீங்கள் அனுபவிக்கும் சுகம் புது டயரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். கழற்றிப் போட்ட பழைய டயர் எவ்வளவு மோசமாகியிருந்தது என்பதைச் சொல்வதுதான் அதிகம். கிழிந்த செருப்போடு நடந்து பழகியவருக்கு எந்தப் புதுச் செருப்பும் அருமையாகத்தான் இருக்கும். ஆகவே சாலை டயருக்கு உண்மையான சோதனை, அதை முந்தைய டயரோடு ஒப்பிடுவது இல்லை. அதே டயரை, அதன் ஆயிரமாவது கிலோமீட்டர் நிலையோடு ஐயாயிரமாவது கிலோமீட்டரில் ஒப்பிடுவது. எவ்வளவு நல்லது என்பதைவிட, அந்த நல்ல குணத்தை எவ்வளவு காலம் காப்பாற்றிக்கொள்கிறது என்பதுதான் பணம் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது.

பழைய டயர் ஏன் அவ்வளவு கெடுகிறது என்று முதலில் பார்ப்போம். பைக் டயரின் குறுக்குவெட்டு வளைந்த வில் மாதிரி இருக்கும். வண்டி நிமிர்ந்து போகும்போது அந்த வில்லின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். சாயச் சாய, தொடும் இடம் ஓரத்துக்கு நகரும். நம் ஊரில் பெரும்பாலான ஓட்டம் நேர் சாலையில்தான். சென்னை திருச்சி, சேலம் கோவை என்று நான்குவழிச் சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால், பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அந்தத் தட்டையும் தேயாத தோள்பகுதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகும். அப்புறம் வளைவில் வண்டியைச் சாய்த்தால் முதலில் சாய மறுக்கும், விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று விழும். சாய்வு ஒரே சீராக வராது. இது மெதுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாமலே பழகிப்போகிறது. புது டயர் மாட்டிய அன்று, வட்டமாக இருக்கும் எந்த டயரும் அமிர்தமாகத் தெரிவது இதனால்தான். அன்றைக்கு வெவ்வேறு கம்பெனி டயர் மாட்டிய நான்கு பேரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பாராட்டைத்தான் சொல்வார்கள்.

முதல் 100, 150 கி.மீ.யைச் சோதனையிலேயே சேர்க்காதீர்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பான மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருக்கும் சொரசொரப்பான ரப்பர் வெளியே வர அவ்வளவு தூரமாவது வேண்டும். அதுவரை கடுமையாகச் சாய்ப்பதோ திடீர் பிரேக்கோ வேண்டாம். ஓரங்கள் பழகுவதற்கு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து ஓட்டினால் போதும்.

சரி, சோதனைக்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். முன்னும் பின்னும் ஒரே மாதத்துச் சரக்கா, கடையில் எவ்வளவு காலம் கிடந்தது என்பது இதில் தெரிந்துவிடும். அடுத்தது அளவு. 390 டியூக்கில் முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 இன்ச் ரேடியல். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலர் பின்னால் 140/70 மாட்டிவிட்டு, "இந்தக் கம்பெனி டயர் வளைவில் சட்டென்று திரும்புகிறது" என்று எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150இல் 60 சதவீதம் 90 மி.மீ. உயரம், 140இல் 70 சதவீதம் 98 மி.மீ. பின்பக்கம் 8 மி.மீ. உயர்ந்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து எந்த வண்டியும் சுறுசுறுப்பாகத்தான் திரும்பும். பாராட்டு போக வேண்டியது அந்த 8 மி.மீ.க்கு, ரப்பருக்கும் கம்பெனிக்கும் அதில் பங்கு குறைவு. அளவு மாறிய டயரைப் பழைய டயரோடு ஒப்பிட்டு எழுதும் எந்த விமர்சனத்தையும் நான் பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வேன்.

அளவுக்குப் பக்கத்திலேயே 54எச், 66எச் மாதிரி ஒரு குறி இருக்கும். எண் எடையைக் குறிக்கிறது: 54 என்றால் 212 கிலோ, 66 என்றால் 300 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கிறது: எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. கம்பெனி சொன்ன குறியைவிடக் குறைந்த டயரை மாட்டியிருந்தால் சோதனையெல்லாம் அப்புறம், முதலில் அதை மாற்றுங்கள்.

டயரின் பேரில் விழும் பழிகளில் நிறைய, டயருடையதே இல்லை. ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட் கொஞ்சம் லூஸாக இருந்தால் முன் டயர் நடுங்குகிற மாதிரி தெரியும். ஃபோர்க் ஆயில் பழசாகிவிட்டால் முன் டயரில் குழிகுழியாகத் தேய்வு விழும். செயின் ஒருபக்கம் இழுத்திருந்தால் பின் சக்கரம் கோணலாக நின்று ஒருபக்கம் அதிகம் தேயும். சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், டிஸ்க் எல்லாவற்றையும் டயர் மாட்டும் அன்றே பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு: டயரும் ஃபோர்க் ஆயிலும் ஒரே நாளில் மாற்றினால், வந்த மாற்றம் எதனால் என்று பிரிக்க முடியாது. முடிந்தால் பழைய டயர் இருக்கும்போதே ஃபோர்க் வேலையை முடித்துவிட்டு, சில வாரம் ஓட்டிவிட்டுப் புது டயர் மாட்டுங்கள். வீல் பேலன்ஸ் செய்து தரச் சொல்லுங்கள். நம் ஊரில் பல டூவீலர் கடைகளில் இது வழக்கமே இல்லை, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இனி காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டயர் சோதனை என்ற பெயரில் நடப்பதில் பாதி காற்றழுத்தச் சோதனைதான். சோதிப்பவருக்கே அது தெரிவதில்லை.

காற்றழுத்தம் பார்க்க எப்போதும் ஒரே கேஜ். பெட்ரோல் பங்க் கேஜை நம்பாதீர்கள். ஒரு பங்குக்கும் இன்னொரு பங்குக்கும் ஒத்துப்போகாது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், வெயில் படாத இடத்தில் பாருங்கள். எவ்வளவு வைப்பது என்பது உங்கள் மேனுவலில் இருக்கிறது. கணக்குக்கு 29 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரியில் 29 இருந்த டயர், ஓடிச் சூடேறி உள்ளே காற்று 60 டிகிரி ஆனால் 33 காட்டும். அது இயல்பு. வழியில் நிறுத்தி, கேஜ் 33 காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கி 29க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலை அது 25இல் நிற்கும். இருபத்தைந்தில் ஓடும் முன் டயர் திரும்ப மறுக்கும், தோள் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் குழைந்த மாதிரி இருக்கும். பிறகு "இந்த டயர் 2,000 கி.மீ.யிலேயே மந்தமாகிவிட்டது" என்று ஒரு விமர்சனம் பிறக்கும்.

பருவமும் கணக்கில் வரும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் வைத்த 29, கத்தரி வெயில் காலத்து விடியலில் 29 டிகிரியில், காற்றே குறையாவிட்டால், ஒரு பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருக்கும். நடைமுறையில் டயரிலிருந்து காற்று மெதுவாகக் கசிந்துகொண்டும் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து குழப்பும் என்பதால், வாரம் ஒருமுறை பார்த்துச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி இல்லை. மலை ஏறும்போது என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் 29 வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகிறீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே 15 டிகிரிக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு பிஎஸ்ஐ குறைந்துவிடும். நின்று ஆறிய டயரில் கேஜ் காட்டுவது கிட்டத்தட்ட 30. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே மலைக்குப் போகும்போது காற்றில் கை வைக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் நிரப்பினால் இதெல்லாம் மாறாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும்.

அடுத்தது அளப்பது. டிரெட் டெப்த் கேஜ் என்று கேட்டால் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வெர்னியர் காலிபரின் வாலைப் பயன்படுத்தினாலும் சரி. பின் டயரில் நடுவில் ஒன்று, இடமும் வலமும் பாதிச் சாய்வில் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொன்று, இரு தோள்களிலும் ஒவ்வொன்று. சுற்றளவில் மூன்று இடத்தில் இதே மாதிரி அளந்து சராசரி எடுங்கள். எந்தப் பள்ளத்தில் அளந்தோம் என்பது அடுத்த முறை மறந்துவிடும். பக்கவாட்டில் சின்னதாக பெயின்ட் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டிடபிள்யூஐ என்று எழுதி அம்புக்குறி இருக்கும் இடத்துக்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். அது தேய்மான எல்லையைக் காட்டும் மேடு, அதன் மேல் கேஜின் ஊசியை வைத்துவிடாதீர்கள்.

500 கி.மீ.க்கு ஒருமுறை அளப்பதில் பயனில்லை. அதற்குள் தேய்வது கால் மி.மீ. இருந்தால் அதிகம், நம் கை பிசகே அவ்வளவு வரும். ஆயிரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். உதாரணத்துக்கு, புதிதாக இருக்கும்போது நடுவில் 6.5 மி.மீ., 3,000 கி.மீ.யில் 5 மி.மீ. என்றால் ஆயிரத்துக்கு அரை மி.மீ. தேய்கிறது. 1.5 மி.மீ.யில் கழற்றுவது என்று வைத்தால், மொத்தம் 5 மி.மீ. செலவழிக்கலாம், ஆயுள் 10,000 கி.மீ. இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் 0.8 மி.மீ. வரை விடுகிறது, ஆனால் மழையில் ஓட்டுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டியைத்தான் பட்டன் என்கிறோம்; அது உயரமாக இருக்கும் புதிதில் அதிகம் நெளிந்து சீக்கிரம் தேயும், பிறகு வேகம் கொஞ்சம் குறையும். அதனால் முதல் ஆயிரத்தை மட்டும் வைத்து ஆயுளைக் கணக்கிட்டால் டயருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

நடு எண்ணை மட்டும் பார்க்காமல், நடுவுக்கும் பாதிச் சாய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நடுவில் 2 மி.மீ. தேய்ந்து, பாதிச் சாய்வில் 1.5 தேய்ந்திருந்தால் டயர் வட்டமாகவே முதுமை அடைகிறது. நடுவில் 2 தேய்ந்து பக்கத்தில் 0.3 மட்டும் என்றால், ஆழம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வளைவில் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது. ஸ்போர்ட் டயரில் பல கம்பெனிகள் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைப்பது இந்தத் தட்டையாதலைத் தள்ளிப்போடத்தான். சில டயர்களில் கடின ரப்பர் ஓரத்தின் மென் ரப்பருக்கு அடியிலும் தொடர்ந்து போகும், சாய்வில் முடுக்கும்போது நெளியாமல் தாங்க.

தேய்மானம் வண்டியின் நிற்கும் நிலையையும் மாற்றுகிறது. பின் டயர் 5 மி.மீ. தேய்ந்தால் வண்டியின் பின்பக்கம் 5 மி.மீ. இறங்கிவிடுகிறது, ஸ்டீயரிங் சோம்பலாகிறது. 150/60 டயரின் விட்டம் சுமார் 612 மி.மீ.; இருபுறமும் சேர்த்து அதில் 10 மி.மீ. குறைந்தால் சுற்றளவில் 1.6 சதவீதம் போய்விடும். கடைசிக் கட்டத்தில் வண்டி மந்தமாவதற்கு ரப்பர் மட்டும் காரணமில்லை, இந்த இறக்கமும் ஒரு காரணம்.

ரப்பர் இறுகுவதை அளக்க ஷோர் ஏ டியூரோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஊசியை ரப்பரில் அழுத்தினால் எண் காட்டும். எண் கூடினால் ரப்பர் கடினம். ஒரு டயருக்கும் இன்னொரு டயருக்கும் இதை வைத்துப் போட்டி நடத்தாதீர்கள். இரண்டு கம்பெனியின் ரப்பர் கலவை வேறு, கடினமான எண் காட்டும், சிலிகா கலந்த டயர் மழையில் மற்றதைவிட நன்றாகப் பிடிக்கலாம். ஆனால் ஒரே டயரின் முதல் மாதத்தையும் பத்தாம் மாதத்தையும் ஒப்பிட இது நல்ல கருவி. ஒரே இடம், ஒரே வெப்பநிலை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு. ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடேறி ஆறுவதால் ரப்பர் இறுகும். வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை வேகப்படுத்தும். மே மாத மதியத்தில் கருந்தார்ச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும் ஊர் நம்முடையது. நிழலில் நிறுத்தும் வண்டியும் வெயிலில் நிறுத்தும் வண்டியும் ஒரே டயரில் ஒரே தூரம் ஓடினாலும் ஒரே மாதிரி இருக்காது.

எண்கள் இவ்வளவுதான். மீதி உணர்வு, அதற்கு ஒரே பாதை வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் எந்த மலை இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை இதற்கு மிக வசதி: காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்ட பலகைகளோடு. இருபத்தைந்தாவது வளைவில் இப்படி இருந்தது என்று குறித்தால், இரண்டாயிரம் கி.மீ. கழித்து அதே வளைவில் ஒப்பிடலாம். ஏற்காட்டின் 20 வளைவும் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவும் இதே வேலையைச் செய்யும். விடியலில், பின்னால் ஆள் இல்லாமல், ஒரே அளவு பெட்ரோலோடு, ஒரே அளவு வேகத்தில் போங்கள். இது வேகப் போட்டி இல்லை. முடிந்த அளவு சாய்த்துப் பார்க்கிறேன் என்று மலைச் சாலையில் இறங்காதீர்கள். எதிரே அரசுப் பேருந்து முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும் சாலை அது. பிடிப்பின் எல்லையைப் பார்க்க ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்திலோ உள்ள பந்தயத் தடத்தில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே நடக்கும்போது போங்கள். சாலையில் அந்த எல்லை தேவையும் இல்லை, தெரியவும் தெரியாது. தெரிந்தால் அப்போது வண்டி கீழே கிடக்கும்.

சாலையில் கவனிக்க வேண்டியவை வேறு. வண்டியைச் சாய்க்க ஹேண்டிலில் எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது. சாய்ந்த பிறகு அந்தச் சாய்விலேயே நிற்கிறதா, இல்லை தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா. வளைவின் நடுவில் முன் பிரேக்கை மெல்லத் தொட்டால் நிமிர்ந்து எழ முயல்கிறதா. பட்டை பட்டையாகப் போட்ட வேகத்தடைக் கோடுகள் மேலும் சாலை நடுவிலுள்ள நீளவாட்டு வெட்டுகள் மேலும் போகும்போது ஹேண்டில் அலைகிறதா. இறங்கும்போது முன் டயரைப் பற்றி நிறையத் தெரியும், ஏறும்போது பின் டயரைப் பற்றி. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தியதும் மொபைலில் ஒரு வாய்ஸ் நோட் பேசிவிடுங்கள். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று வண்டியை அலைக்கழிக்கும். அந்த மாதங்களின் குறிப்பை டயர் கணக்கில் எழுதாதீர்கள்.

வலது தோள் இடது தோளைவிட அதிகம் தேய்ந்திருப்பதைப் பார்த்து டயர் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது வளைவில் உள்வட்டத்தில், குறுகிய தூரத்தில், மெதுவாகத் திரும்புவோம். வலது வளைவில் வெளிவட்டத்தில், அதிக தூரம், கொஞ்சம் அதிக வேகத்தோடு. ரவுண்டானாவிலும் வலப்பக்கமே சாய்ந்து சுற்றுகிறோம். ஆகவே வலது தோளுக்கு வேலை அதிகம். வலப்பக்கம் ஓட்டும் ஜெர்மனிக்காரருக்கும் அமெரிக்கருக்கும் இது தலைகீழ், அவர்களுக்கு இடது தோள் போகும். அவர்களுடைய தேய்மானப் படங்களைப் பார்த்து ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கையால் தடவிப் பார்ப்பதும் சோதனைதான். டயரைச் சுற்றி உள்ளங்கையை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை நகர்த்துங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் பட்டன்களின் விளிம்பு விரலில் இடறுவதாகவும் இருந்தால் ஏற்ற இறக்கத் தேய்வு தொடங்கிவிட்டது. முன் டயரில் பிரேக்கும், பின் டயரில் முடுக்கமும் இதைச் செய்யும். கொஞ்சம் இருப்பது இயல்பு. கூடிக்கொண்டே போனால் முதலில் காற்றழுத்தம், அடுத்து ஃபோர்க், அப்புறம் பேலன்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கூடுகிறதென்றால்தான் டயரின் பெயரில் எழுதலாம். 40, 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் ஹேண்டிலில் ஒரு உறுமல் வருவது இதன் அறிகுறி.

பிரேக்கைப் பற்றியும் கேட்பீர்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து நல்ல உலர்ந்த சாலையில், புவியீர்ப்பில் 0.8 மடங்கு வேகக்குறைப்பில் நின்றால் சுமார் 18 மீட்டர், அது 0.7 ஆகக் குறைந்தால் சுமார் 20 மீட்டர். இந்த இரண்டு மீட்டர் வித்தியாசம், நீங்கள் லிவரை எவ்வளவு வேகமாக இறுக்கினீர்கள் என்பதிலேயே வந்துவிடும். அதனால் நிறுத்த தூரத்தை வீட்டில் டேப் வைத்து அளந்து டயருக்கு மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்ந்த ஓட்டுநர்கள், கருவிகளோடு, பல முறை திரும்பத் திரும்பச் செய்து, தொடக்கத்தில் ஓட்டிய டயரைக் கடைசியிலும் மாட்டி ஓட்டி, சாலையும் ஓட்டுநரும் மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு எடுக்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. நமக்கு உதவுவது வேறொன்று: வழக்கமாக நிறுத்தும் இடத்தில், வழக்கமான அழுத்தத்தில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின், முன்பெல்லாம் வராத துடிப்பு இப்போது வருகிறதா? தேய்ந்த டயர் அதை உங்களுக்கு முன்னமே சொல்லிவிடும், குறிப்பாக மழையில்.

மழையைத் தவிர்த்துவிட்டு ஸ்போர்ட் டயரைச் சோதித்தேன் என்று சொன்னால் அது அரைச் சோதனை. வடகிழக்குப் பருவமழை வரும்வரை காத்திருந்தாவது எழுதுங்கள். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும் சாலையில் எந்த டயரும் வழுக்கும். நன்றாக இரண்டு மூன்று நாள் பெய்து கழுவிவிட்ட சாலையில் பாருங்கள். புதிதில் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும். ஆழம் குறையக் குறைய அந்த வேலை நின்றுபோகும். இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வேறுபாடு தெரியும். மிஷ்லின் 2018இல் கொண்டுவந்த ரோட் 5 டயரில், தண்ணீரை வெளியேற்றும் மெல்லிய வெட்டுகளான கீற்றுகள் மேலே மெல்லியதாகவும் ஆழத்தில் அகலமாகவும் இருக்கும்; தேயத் தேயக் கீற்று அகலமாகிக்கொண்டே வரும். 5,000 கி.மீ.க்கு மேல் ஓடிய ரோட் 5, அதற்கு முந்தைய மாடலான புத்தம்புது பைலட் ரோட் 4 நிற்கும் தூரத்திலேயே மழையில் நிற்கும் என்று அந்த நிறுவனம் தன் சோதனையை வைத்து விளம்பரம் செய்தது. அது நெடும்பயணத்தையும் மனதில் வைத்துச் செய்த ஸ்போர்ட் டூரிங் டயர், விளம்பரம் விளம்பரம்தான். ஆனாலும் எனக்கு அந்த வாக்கியம் பிடித்தது. டயரின் இளமையை விற்காமல் நடுவயதைச் சொல்லி விற்றார்கள். பி.எஸ். 6 புகை விதிக்கு ஏற்ப வந்த அபாச்சி ஆர்ஆர் 310 பைக்கில் டிவிஎஸ் இந்த டயரையே கம்பெனி டயராகக் கொடுத்ததால், அது நம் மழையில் எப்படி முதுமையடைகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

மற்றவர் விமர்சனத்தைப் படிக்கும்போது எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பதைவிட, எத்தனை கிலோமீட்டரில் எழுதினார், எடை எவ்வளவு, தனியாக ஓட்டுபவரா, தினமும் அலுவலகமா, வாரம் ஒருமுறை மலையா, காலையில் எத்தனை பிஎஸ்ஐ வைக்கிறார் என்பதைப் பாருங்கள். இது எதுவும் இல்லாத விமர்சனத்தில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. டயரின் ஓரத்தில் தேயாமல் விட்ட பட்டையின் அகலத்தைப் படம் பிடித்துப் போடுபவர்களையும் நான் பொருட்படுத்துவதில்லை. அது வண்டி எவ்வளவு சாய்ந்தது என்று காட்டும், டயர் எப்படி என்று காட்டாது. பாதி ஆயுளிலேயே டயர் போய்விட்டது என்றவர் சொன்ன "பாழாகிவிட்டது" என்பதற்குப் பின்னாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். நான்குவழிச் சாலையில் 110இல் ஓடும் வண்டியில் மென்மையான ஸ்போர்ட் டயர் 5,000இல் தட்டையாவது டயரின் குறை இல்லை. அந்த ஓட்டத்துக்கு அந்த டயர் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் 600 கி.மீ. குறிப்பைத் தாராளமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பாக வெளியிடாதீர்கள். ஆயிரத்தில் ஒன்று, நடு ஆழம் பாதியாகும்போது ஒன்று, கழற்றுவதற்குச் சற்று முன் ஒன்று, இடையில் ஒரு மழைக்காலம். இந்த நான்கும் இருந்தால் நீங்கள் எழுதுவது அடுத்தவர் பணத்தைக் காப்பாற்றும்.

கழற்றும் அன்று பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். உள்பக்கம் பஞ்சருக்கு வைத்த ஸ்ட்ரிப் எப்படி உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு வந்திருக்கிறதா, நடுவில் கம்பி தெரியும் அளவு ஏதாவது இடம் தனியாகத் தேய்ந்திருக்கிறதா. அப்புறம், முடிந்தால், அடுத்த ஜோடியும் அதே டயரையே வாங்குங்கள். முதல் ஜோடியின் முதல் ஆயிரத்தில் எழுதியதைப் பார்க்காமல், இரண்டாம் ஜோடியின் முதல் ஆயிரத்தை ஓட்டி எழுதிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் கைக்கும் மனதுக்கும் டயரைப் படிக்கத் தெரிந்துவிட்டது. ஒத்துப்போகாவிட்டால் டிஓடி எண்ணையும் எந்த நாட்டில் செய்தது என்பதையும் முதலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் வேறு தொழிற்சாலையில், திருத்திய கலவையில் வந்த டயராக இருக்கலாம். அப்படியானால் ஆயிரத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்க வேண்டியதுதான்.